ஆறாவது பெர்த்

டிசம்பர் 9

கல்யாணத் தேதி முடிவாகிவிட்டதாம். பிப்ரவரி இருபத்தைந்து, கவுகாத்தியில். இரண்டாம் முறை ரசம் ஊற்றும்போது கோகிலா சொன்னாள். முதல் முறையே சொல்லியிருந்தால் நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போயிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். என்னோடு வாழ்ந்ததில் அவளுக்கு வேறெது வாய்த்ததோ இல்லையோ, ராஜதந்திரம் வாய்த்திருக்கிறது.

"நான் வரலை" என்றேன்.

"உங்கள யாருங் கூப்பிட்டா? தேதிதானுங் சொன்னேன்."

பதிவுக்காக எழுதி வைக்கிறேன். எங்கள் ஒரே மகள் சிந்துஜா பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். விடுதியெல்லாம் எதற்கு, சித்தப்பா வீடு இருக்கும்போது என்று என் தம்பி கந்தவேல் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். அங்கே இருக்கும்போதுதான் அவள் திகந்த போரா என்ற அசாமியப் பையனை விரும்பினாள். அதில் எனக்குப் புகார் இல்லை. நான் படித்தவன், சாதி, மொழி என்று வாய் திறக்க மாட்டேன். என் புகார் வேறு. அந்தப் பையனைத் தம்பி வீட்டுக்கு அழைத்து, கோழி அடித்து விருந்து வைத்து, 'தங்கமான பையன்' என்று சான்றிதழும் கொடுத்து, அதற்கு நான்கு மாதம் கழித்துத்தான் பெற்றவனான எனக்கு விஷயம் வந்தது. எனக்குச் சொன்னது கோகிலா. கோகிலாவுக்குச் சொன்னது தம்பியின் மனைவி. தகவல் வந்த வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் எங்கள் தெருப் பால்காரர் மட்டும்தான். அவருக்கும் முன்பே தெரிந்திருக்குமோ என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

அன்றிலிருந்து தம்பியோடு பேச்சில்லை. மகளோடு தேவைக்கு மட்டும் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். தேவை எதுவும் வரவில்லை.

கை கழுவிவிட்டு வந்து, "எந்த வண்டியில போறீங்க?" என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் போகாதது என் கொள்கை. டிக்கெட் போடுவது என் திறமை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் 12

இந்தக் குடும்பத்தில் யார் எங்கே போனாலும் டிக்கெட் போடுவது நான். காசிக்குப் போனவர்கள், பழனிக்குப் போனவர்கள், மூலத்துக்கு வைத்தியம் பார்க்க மங்களூர் போனவர்கள் எல்லோரையும் நான்தான் குறைந்த கட்டணத்தில், ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன். ஒருவர்கூடப் போன இடத்திலிருந்து ஒரு சீப்பு வாங்கி வந்ததில்லை. வருடம் முழுக்க அடிக்காத என் தொலைபேசி, கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் முன்பு அடிக்கத் தொடங்கும்.

இன்று அடித்தவர் ரத்தினம். கோகிலாவின் அண்ணன், பெருந்துறையில் டயர் கடை.

"மாப்ள, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி வண்டியில இருக்கோணும். ஏசியா போட்டுருங்க."

"ஸ்லீப்பரைவிட மூணு மடங்குங்க மச்சான். பிப்ரவரியில அங்க குளிரு. குளிருக்குள்ள போறதுக்குக் காசு குடுத்துக் குளிரு வாங்குவாங்களா?"

"இல்லீனா நம்ம ஏஜெண்டு பையன்கிட்டச் சொல்லிரட்டுங்களா? கமிஷன் போனாப் போகுது, எப்படியும் எடுத்துக் குடுத்தர்றான்."

கமிஷன் போனாப் போகுதாம். டயருக்குப் பஞ்சர் ஒட்டிச் சம்பாதித்த பணத்துக்கு இருக்கும் அலட்சியம், பாடம் நடத்திச் சம்பாதித்த பணத்துக்கு ஒருநாளும் வராது. வேண்டாம், நானே போடுகிறேன் என்றேன்.

"அப்பச் சரிங்க மாப்ள. இருவதாந் தேதிக்குப் போறோம். அறுவது நாளைக்கு முன்னாடின்னா டிசம்பர் இருவத்திரெண்டு திறப்பாங்க. எதுக்கும் நானும் அன்னைக்குக் கவுண்டர்ல போயி நிக்கறேன்."

இங்கேதான் படிப்பு வேலைக்கு வருகிறது. அந்த வண்டி கன்னியாகுமரியில் பத்தொன்பதாம் தேதி மாலை கிளம்பி, மறுநாள் காலை ஈரோட்டுக்கு வருகிறது. முன்பதிவு நாளை எண்ணுவது வண்டி கிளம்பும் ஊரின் தேதியிலிருந்து, நாம் ஏறும் ஊரின் தேதியிலிருந்து அல்ல. ஆக, திறப்பது இருபத்தொன்றாம் தேதி. ரத்தினத்தை நான் திருத்தவில்லை. சில இன்பங்களைப் பிறர் தாமாகவே கண்டடைய விட்டுவிட வேண்டும்.

டிசம்பர் 20

நாளைக்கான பெயர்களை ரயில்வே இணையதளத்தில் ஏற்றி வைத்தேன். கோகிலா, ரத்தினம், ரத்தினத்தின் மனைவி, கோகிலாவின் தங்கை, தங்கை கணவர். ஐந்து பேர்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம். எதிரெதிராக இருக்கும் படுக்கைகளும் ஆறு. ஐந்தை மட்டும் எடுத்தால் ஆறாவதில் யாரோ வருவார். அந்த யாரோவை எனக்கு நன்றாகத் தெரியும். சேலத்தில் ஏறுவார். பலாப்பழம் கொண்டு வருவார். ஒலிப்பெருக்கியைப் போட்டுத்தான் தன் மகனோடு பேசுவார். எனவே ஆறையும் எடுத்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். மேல் படுக்கையில் பெட்டிகளை வைத்துக்கொள்ளட்டும்.

பெட்டியின் பெயரில் டிக்கெட் தர மாட்டார்கள். ஒரு மனிதரின் பெயரும் வயதும் வேண்டும். இந்த வீட்டில் எனக்குப் பிழையில்லாமல் தெரிந்த பெயரும் வயதும் என்னுடையவைதான். நல்லசிவம், ஐம்பத்து நான்கு, ஆண். இதற்கு வேறு அர்த்தம் எதுவும் இல்லை.

டிசம்பர் 21

ஏழே முக்காலுக்கே உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிவரை வீட்டில் யாரும் இணையத்தைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். வீட்டில் இருந்தது கோகிலா மட்டும். அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். இருந்தாலும் உத்தரவு என்று ஒன்று இருப்பது நல்லது.

எட்டு அடித்ததும் தளம், எழுத்துகளைக் கோணல்மாணலாக வரைந்து காட்டி, நீ மனிதன்தானா என்பதை நிரூபி என்றது. கல்லூரியில் இருபது வருடத்துக்கு மேல் கணிதம் நடத்திவிட்டு, துறைத் தலைவர் பதவிக்கான நேர்காணலில் ஏறக்குறைய இதே கேள்வியைச் சந்தித்தவன் நான். பதறவில்லை. எழுத்துகளை அடித்தேன். கடவுச்சொல், பணம், கைப்பேசிக்கு வந்த எண். சக்கரம் சுற்றியது. நாடு முழுவதும் அந்த நொடியில் எத்தனை ஏஜெண்டுகள், எத்தனை கள்ள மென்பொருள்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கணித ஆசிரியரின் ஒற்றை விரல்.

எஸ் நான்கு. பதினேழு முதல் இருபத்திரண்டு வரை. ஒரு படுக்கைகூடச் சிதறவில்லை.

தோசைக் கரண்டியோடு வந்து கோகிலா திரையைப் பார்த்தாள். கடைசிப் பெயரில் கண் நின்றது.

"இது?"

"பெட்டி வெக்கறதுக்கு."

"பெட்டிக்கு வயசு அம்பத்திநாலுங்களா?"

தோசை கருகும் வாசனை வந்தது. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

டிசம்பர் 22

ரத்தினம் காலை ஆறு மணிக்கே பெருந்துறையிலிருந்து வந்து கவுண்டர் வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்கிறார். எட்டு மணிக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். கூப்பிட்டார்.

"என்னுங் மாப்ள, ஒரு நாள் முந்தித் திறக்குமுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

"நீங்க கேக்கலீங்களே."

வருடத்தின் சிறந்த நாட்களில் ஒன்று.

ஜனவரி 4

சிந்துஜா கூப்பிட்டாள். கோகிலாவின் தொலைபேசிக்குத்தான். கோகிலா அதை என் கையில் திணித்துவிட்டு, கேட்டில் யாரோ கூப்பிடுவதுபோல வாசலுக்குப் போனாள். கேட்டில் யாரும் இல்லை.

"அப்பா, டிக்கெட் பாத்தேனுங்க. ஆறு பேரும் ஒண்ணா. உங்களாலதான் முடியும்."

"நாலு மாசம் முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் நல்லாப் பண்ணியிருப்பேன்."

ரயிலைப் பற்றித்தான் சொன்னேன். 

"ஆறாவது யாருங்கப்பா?"

"ஒரு ஏற்பாடு. பெட்டிக்கு."

"சரிங்க." பிறகு வேறு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னாள். "காலையில நம்ம முறைப்படி வெச்சிருக்கோம். ராத்திரிதான் அவங்க முறை. நம்ம முறையில தாரை வாக்கறதுக்கு ஆளு வேணுமுங்க."

"உங்க சித்தப்பா இருக்காரே. விருந்து வெச்சவரு தண்ணி ஊத்த மாட்டாரா?"

"அவரு சித்தப்பாங்கப்பா" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கு நான் சொல்லக்கூடிய பதில்கள் ஐந்தாறு இருந்தன. எல்லாமே தொலைபேசியை வைத்த பிறகு வந்தன.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு விலை கொள்ளை. அசாமியப் பையன் கூப்பிட்டு, தமிழில் வாழ்த்துச் சொன்னான். உபயம் கந்தவேலாகத்தான் இருக்கும். ழகரம் வரவில்லை. எங்கள் துறைத் தலைவருக்கும் வராது. அவர் பிறந்தது பவானி.

மாலையில் கோகிலா, "வராத ஆளுக்கு எதுக்குங் டிக்கெட்டு, ரத்து பண்ணிருங்" என்றாள். ரத்து செய்தால் ரயில்வே பிடித்தம் செய்யும். ரயில்வேக்கு அன்பளிப்பு கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை என்றேன்.

ஜனவரி 29

பிப்ரவரி இருபது முதல் ஒன்பது நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர், என்னைவிட எட்டு வயது இளையவர், என் முன்னாள் மாணவர், படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"மக கல்யாணத்துக்குங்களா சார்? சொல்லவே இல்ல. சந்தோசமுங்."

"ஆய்வுக் கட்டுரை ஒண்ணு பாதியில நிக்குது. முடிக்கணும்."

அந்தக் கட்டுரை பன்னிரண்டு வருடமாகப் பாதியில் நிற்கிறது. அது அவருக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுவிட்டு, "கட்டுரை நல்லபடியா நடக்கட்டும் சார்" என்றார். நடக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? இந்த மாதிரி ஆட்களை உயரத்தில் வைத்தால் இப்படித்தான்.

பிப்ரவரி 9

கந்தவேலுக்குக் காதில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதாம். ஒரு மாதத்துக்கு விமானம் ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். எடுத்து வைத்திருந்த விமான டிக்கெட் வீண். அவன் மனைவி பிள்ளைகளோடு பறப்பாள். அவன் ரயிலில்தான் போக வேண்டும், ரயிலிலோ இடமே இல்லை. கோகிலா இதையெல்லாம் மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டே சுவரிடம் சொன்னாள். சுவருக்குப் பக்கத்தில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். 

விமானத்தில் போகிறவர்களுக்கு எல்லாம் கடைசி நேரத்தில் கிடைத்துவிடும் என்ற நினைப்பு உண்டு.

பிப்ரவரி 17

இன்று சாயங்காலம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோகிலா ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அவள் கையெழுத்து. ரயில்வே அதிகாரிக்கு விண்ணப்பம். என்னால் பயணம் செய்ய முடியாததால் என் படுக்கையைத் தம்பி கந்தவேலின் பெயருக்கு மாற்றித் தரும்படி.

"பெத்தவங்க, பிள்ளைங்க, புருசன் பொண்டாட்டி, கூடப் பொறந்தவங்க. இவங்களுக்குள்ள டிக்கெட்டுல பேரு மாத்திக்கலாமுன்னு நீங்கதானுங் சொன்னீங்க."

"விதி இருக்கு. வண்டி கிளம்பறதுக்கு ஒரு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும்."

"அதானுங் இன்னைக்கே. கந்தவேல் தம்பி காலையில வந்தர்றாரு. கையெழுத்துப் போட்டுக் குடுங்."

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கடைசியாக் கேக்கறேன்" என்றாள். "வர்றீங்களா, இல்லீங்களா?"

இப்படி ஒருவன் முகத்துக்கு நேராக நின்று கேட்டால் என்ன சொல்வான்? பதினைந்து மாதமாக ஒரு நிலைப்பாட்டில் இருப்பவனிடம், மிளகாய்த்தூள் வேணுமா வேண்டாமா என்பதுபோல. கொஞ்சம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கலாம். இன்னொரு முறை கேட்டிருக்கலாம்.

"இதுல எத்தனை பிழை" என்றேன். "பொருள்னு ஒரு வரி இல்ல. டிக்கெட் எண் இல்ல. இதையெல்லாம் எவனும் வாங்க மாட்டான்."

அவளுடைய தாளைக் கிழித்துப் போட்டேன். புதுத் தாள் எடுத்து, அனுப்புநர், பெறுநர், பொருள், டிக்கெட் எண், படுக்கை எண் எல்லாம் வரிசையாக எழுதினேன். 'என் உடன்பிறந்த தம்பி திரு. கந்தவேல் அவர்கள்' என்று ஓரிடத்தில் எழுத வேண்டியிருந்தது. விண்ணப்பத்துக்கு அது அவசியம். கீழே கையெழுத்து, தேதி. ஆதார் நகலையும் இணைத்தேன்.

கோகிலா அதை வாங்கி முழுதும் படித்தாள். "உங்க கையெழுத்து எப்பவுமே லட்சணமுங்" என்றாள். அதற்குப் பிறகு சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

குறையே சொல்ல முடியாத விண்ணப்பம். நிராகரிக்க ஒரு வழியும் வைக்கவில்லை. அதுதான் என் பலவீனம்.

பிப்ரவரி 18

காலையில் வந்து இறங்கிய கந்தவேலோடு கோகிலா ஸ்டேஷனில் இருந்த நேரத்தில், தத்கால் முன்பதிவு வேகமாக இருக்கிறதா என்று சும்மா சோதித்துப் பார்த்தேன். அதே வண்டிக்கு. ஒரு ஆளுக்கு. எல்லாம் அடித்து, பணம் கட்டும் பக்கம் வரை போனேன். சக்கரம் சுற்றியது, சுற்றியது, பிறகு 'காத்திருப்போர் பட்டியல்' என்றது. தளம் இப்போதெல்லாம் மிக மந்தம். கண்டித்து ஒரு புகார் அனுப்ப வேண்டும்.

மதியம் வந்துவிட்டார்கள். கந்தவேல் கொஞ்சம் இளைத்திருக்கிறான். இடது காதில் பஞ்சு. வாசலிலேயே நின்று, "அண்ணா" என்றான்.

நான் கோகிலாவிடம், "சாப்பாடு போடு, பயணம் வந்தவங்க பசியா இருப்பாங்க" என்றேன். பேச்சில்லை என்றால் பேச்சில்லைதான்.

அவன் பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பேரு மாத்தியாச்சுங்கண்ணா. அந்த ஆபீசரு உங்க ஆதாரையும் என் ஆதாரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அப்பா பேரப் பாத்தாரு. அப்புறம் போட்டோவப் பாத்தாரு. 'பேரே பாக்க வேண்டாம், மூக்கே போதும்'னுட்டாரு."

பதினைந்து மாதமாக நான் ஒத்துக்கொள்ளாததை ஒரு ரயில்வே ஊழியர் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்.

நான் எழுந்து மறுபக்க நாற்காலிக்குப் போனேன்.

"அந்தப் பக்கம் வேண்டாங்கண்ணா. திட்டறதுன்னா இந்தப் பக்கம் உக்காந்து திட்டுங்க. இதுதான் கேக்காத காது."

கோகிலா சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகிறது. வெட்கமில்லாமல் சிரிக்கிறாள்.

பிப்ரவரி 19

எல்லோரும் எங்கள் வீட்டில் வந்து இறங்கிவிட்டார்கள். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. நான் அறையில் ஆய்வுக் கட்டுரையோடு இருந்தேன். கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் காதில் விழுந்தது.

"தாரை வாக்கறது யாருங்?" என்று ரத்தினம் கேட்டார்.

"கந்தவேல் தம்பிதான்" என்றாள் கோகிலா.

"பெரியவரு இருக்கறப்ப நான் எப்படிங்கண்ணி" என்றான் அவன்.

"பெரியவரு எங்க இருக்காரு?" என்றார் ரத்தினம். "ரூமுக்குள்ள இருக்காரு."

கவுகாத்திக்கு விமானக் கட்டணம் பார்த்தேன், பொது அறிவுக்காக. எவனோ ஒருவன் அந்த விலை கொடுத்துப் போகிறான் என்பதே இந்த நாட்டின் மீது இருந்த மிச்ச நம்பிக்கையையும் போக்குகிறது. பணம் பெரிதல்ல; ஒரு இருக்கைகூட மிச்சமில்லை.

பிப்ரவரி 20, ஈரோடு

இஸ்திரிக் கடை ஸ்டேஷனுக்கு எதிரில்தான். பட்டு வேட்டி சட்டை சும்மா கிடந்து மடிப்பு விழுந்திருந்ததால் நேற்றுக் கொடுத்திருந்தேன். அதை வாங்கப் போனவன் அப்படியே உள்ளே போய், எஸ் நான்கு நிற்கும் இடத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தேன். நான் சட்டப்படி நடப்பவன்.

நினைத்தபடியே ரத்தினம் எல்லோரையும் பிளாட்பாரத்தின் தப்பான கோடியில் நிறுத்தி வைத்திருந்தார். ஓட வைத்தேன். உள்ளே ஏறிப் பார்த்தால் பெட்டிகளை நடைபாதையில் குவித்து வைத்திருக்கிறார்கள். இரண்டு இருக்கைக்கு அடியில் ஆறு பெட்டிகளை அடுக்குவது கணிதம். டயர் அடுக்குவது போலல்ல. நான் குனிந்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வண்டி நகர்ந்தது.

"வண்டி எடுத்துட்டாங்" என்றாள் கோகிலா. காவிரிப் பாலம் தாண்டிய பிறகு சொன்னாள்.

சேலம்

இறங்க எழுந்தேன். கோகிலா என் கையில் இட்லிப் பொட்டலத்தை வைத்தாள். சாப்பிடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. ஆறு பேருக்கு ஏழு பொட்டலம் கட்டியிருக்கிறாள். அவளுக்குக் கணக்கு எந்தக் காலத்திலும் வராது.

ஜோலார்பேட்டை

இங்கிருந்து திரும்பும் வண்டிகளில் இந்த நேரத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது. காட்பாடியில் இறங்கிக்கொள்கிறேன். நல்லவேளை, இரத்த அழுத்த மாத்திரை சட்டைப் பையில் இருந்தது. பத்து நாளைக்கு இருக்கிறது. இந்த நோட்டும் கையோடு இருப்பது வசதியாகப் போயிற்று.

"காட்பாடியில இறங்கறதுன்னா இப்பவே சொல்லிருங்கண்ணா" என்றான் கந்தவேல். "உங்க பங்கு எலுமிச்ச சாதத்த நான் சாப்பிட்டர்றேன்."

 சாதத்தை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

காட்பாடிக்கு முன்

கந்தவேல், தாரை வார்ப்பது எப்படி என்று ரத்தினத்திடம் கேட்டான். ரத்தினத்துக்குப் பிள்ளைகள் இரண்டும் ஆண், என்ன தெரியும்? சொம்பை எந்தக் கையில் பிடிப்பது, பெண்ணின் கை மேலா பையனின் கை மேலா, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றுவதா, விட்டு விட்டு ஊற்றுவதா என்று இருவரும் தண்ணீர் பாட்டிலை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கந்தவேல் பாட்டிலை இடது கையில் பிடித்தான். ரத்தினத்தின் மடியில் ஊற்றினான்.

பொறுக்க முடியாமல் சொன்னேன். "வலது கை. சொம்ப நல்லாத் தாங்கிப் பிடிச்சு ஊத்தணும். மெல்ல, நூல் மாதிரி. கண் பொண்ணு மேல இருக்கணும், தண்ணி மேல இல்ல."

இது பேச்சில் சேராது. திருத்தம்.

"இப்படிங்களாண்ணா?" என்று மறுபடியும் ஊற்றினான். இந்த முறை என் செருப்பில்.

அப்போதுதான் டி.டி.ஆர். வந்தார். இளைஞர், வேலூர்ப் பக்கத்துப் பேச்சு. ஆறு பேரையும் சரிபார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பிளாட்பாரம் டிக்கெட்டைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதை வெச்சிக்கினு ஈரோட்லருந்து வர்றீங்களா சார்?"

"பெட்டி அடுக்க ஏறினேன்."

"சரி. எங்க இறங்கப் போறீங்க? அதுவரைக்கும் டிக்கெட்டும் அபராதமும் போடணும்."

 ரத்தினம் ஒரு பக்க ஜன்னலையும் அவர் மனைவி மறுபக்க ஜன்னலையும் பார்த்தார்கள். கோகிலா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  அன்று அந்த விண்ணப்பத் தாளை நீட்டியபோது இருந்த அதே முகம்.

"கவுகாத்தி" என்றேன்.

டி.டி.ஆர். கைக்கருவியில் ஊரைத் தேடிக் கணக்குப் போட்டுத் தொகையைச் சொன்னார். ரத்தினம் விசில் அடிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"பெர்த்தெல்லாம் கிடையாது சார், ஃபுல்லு. இவங்க இடம் குடுத்தா உக்காந்துக்குங்க." பிறகு இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். "படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இவ்ளோ தூரம் போறவங்க ரெண்டு மாசம் முன்னாடியே ரிசர்வ் பண்ணக் கூடாதா? சும்மா கொஞ்சக் காசுல முடிஞ்சிருக்கும். வீட்ல டிக்கெட் போடத் தெரிஞ்சவங்க யாரும் இல்லையா?"

"ஒருத்தரு இருக்காருங் சார்" என்றான் கந்தவேல். "கெட்டிக்காரரு. ஆனா அவரு இந்தக் கல்யாணத்துக்கு வரலீங்க."

கோகிலா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். தோள் குலுங்கியது. ரத்தினத்தின் மனைவிக்குப் புரையேறியது. நான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு விலை கொடுத்து ஒரு ரயில் டிக்கெட் வாங்கியதில்லை, அதுவும் படுக்க இடமில்லாமல்.

கூடூர் தாண்டி

மேல் படுக்கையில் ஏறிக்கொள்ளச் சொன்னான் கந்தவேல். மறுத்தேன். இரவில் பாதி நேரம் அவன், பாதி நேரம் நான் என்று கோகிலா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவனோடு பேச்சில்லை என்பதில் எந்த மாற்றமும் இல்லை. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பியதும் எல்லாவற்றையும் முறைப்படி பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

பாட்டில் பிடிக்கும் விதத்தை இதுவரை மூன்று முறை சொல்லிக் கொடுத்தாயிற்று. மூன்று முறையும் வேண்டுமென்றே செய்வதுபோலத் தப்பாகவே செய்கிறான். இவனை நம்பி ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட ஒப்படைக்க முடியாது. கல்யாணத்தன்று நானே ஊற்றுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.